நம்ம ரோட்டு குழு: எலி மருந்தும் கூரை மேல ஆந்தையும்

(மலேசியா, சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா. செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டத்தை ஒட்டின தாமான் குடியிருப்பு. சனிக்கிழமை.)

காலை 7:12

சந்திரா அக்கா: படம் போட்டிருக்கேன், பாருங்க. யாரு வீட்டுப் பூனை இது? நேத்துதான் கார் கழுவுனேன். காலைல பாத்தா பானெட் மேல வாந்தி. கட்டைவிரல் தண்டி, கறுப்பு, மேல பளபளன்னு மினுக்குது.

லோகேஸ்: எங்க பூனை இல்லக்கா. அது சோபாவை விட்டே எறங்காது.

மீனா டீச்சர்: பசியாறிக்கிட்டு இருக்கேன் சந்திரா. இப்பதான் இந்தப் படம் போடணுமா?

குமார்: பூனையா இருந்தா சந்தோசம். எலியைப் புடிக்குதுன்னு நெனைச்சுக்கலாம். பின்லோரோங் சந்துல எலி தலைவிரிச்சு ஆடுது. நேத்து ராத்திரி எங்க வீட்டு கேஸ் டோங் சிலிண்டர் பக்கத்துல மூனு ஓடுச்சு.

கிராணி மாமா: பூனை இல்லம்மா. ஆந்தை. கூகைன்னு சொல்ற வெள்ளை மூஞ்சி ஆந்தை. எலியை அப்படியே முழுங்கிடும். சதை செரிச்ச பிறகு முடியும் எலும்பும் உருண்டு வாய் வழியா வெளிய வந்துடும். தோட்டத்துல ஆந்தைப் பெட்டிக்குக் கீழ இது குவிஞ்சு கெடக்கும்.

சந்திரா அக்கா: அட கடவுளே, அதான் ராத்திரில துணி கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம்! அவரு திருடன்னு நெனைச்சு டார்ச்சை எடுத்துக்கிட்டு வெளிய போனாரு.

கிராணி மாமா: அது கத்தறது அப்படித்தான். கூ கூன்னு கூவாது.

பாக்கியம் ஆயா: (நான் பேத்தி. ஆயா சொல்லச் சொல்ல அடிக்கிறேன்.) ஆந்தை வீட்டு மேல உக்காந்து அலறினா நல்லதுக்கில்லையாம். சந்திராவை வாசல்ல வேப்பிலை கட்டி கற்பூரம் ஏத்தச் சொல்றாங்க.

கிராணி மாமா: ஏத்தட்டும் ஆயா, தப்பே இல்ல. ஆனா நாம லயத்துல இருந்தப்ப, பால் மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்த காலத்துல, இந்த ஆந்தையைப் பாத்திருக்கீங்களா? 1960கள் வரைக்கும் இந்தப் பக்கம் அபூர்வம். செம்பனை பரவுச்சு, பழம் திங்க எலி பெருகுச்சு, எலியைத் தேடி ஆந்தை வந்துச்சு. நம்ம பக்கத்துத் தென்னமரம் தோட்டத்துலதான் 1917ல நாட்டுலயே முதல் தடவையா வியாபாரத்துக்குச் செம்பனை நட்டாங்க.

பாக்கியம் ஆயா: ஆயா “அதெல்லாம் சரி, கற்பூரத்தை மறக்க வேணாம்”ங்கறாங்க.

காலை 9:40

தேவி: அந்த உருண்டையை என் பசங்க சந்திரா அக்காகிட்ட கேட்டு வாங்கியாந்துட்டாங்க. கையுறை போட்டு, தண்ணில ஊறவச்சு, பல்லுக்குச்சியால பிரிச்சோம். சாம்பல் முடிக்குள்ள ரெண்டு மண்டை ஓடு! ஒன்னுக்கு முன்பல்லு நாலும் ஆரஞ்சு நிறம், வளைஞ்சு நீளமா இருக்கு. இன்னொன்னு ஒல்லியா, மூக்குப் பக்கம் நீண்டு, பல்லெல்லாம் வெள்ளை, கூரா இருக்கு. ஒரு விலா எலும்புகூட ஒடையல. பெரியவன் எல்லாத்தையும் கறுப்பு அட்டைல ஒட்டிக்கிட்டு இருக்கான்.

கிராணி மாமா: ஆரஞ்சுப் பல்லு எலி. வெள்ளைப் பல்லு மூஞ்சூறு. மூஞ்சூறு எலி சாதியே இல்ல, கரப்பான்பூச்சியத் தின்னு வாழறது. கையை சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லும்மா.

மீனா டீச்சர்: தேவி, அந்த அட்டையைத் திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்து விடு. நாலாம் ஆண்டு பசங்களுக்குக் காட்டணும்.

குமார்: எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு ஆந்தையை நம்பி உக்கார முடியாது. நான் எலி மருந்து வாங்கியாச்சு, நீல வில்லை. இன்னிக்கு ராத்திரி லோங்கான் சாக்கடை ஓரமா வைக்கப் போறேன். நாய், பூனை வச்சிருக்கறவங்க கட்டி வைங்க.

தேவி: ஐயோ வேணாம் அண்ணே. எங்க பழைய நாய் அப்படித்தான் எங்கயோ மருந்தைத் தின்னுட்டு வந்து ஈறுல ரத்தம் கசிஞ்சுது. மிருக டாக்டர் வாரக்கணக்குல வைட்டமின் கே கொடுத்துத்தான் பொழைக்க வச்சாரு.

கிராணி மாமா: குமாரு, டப்பால ‘புரோடிஃபாகூம்’னு போட்டிருக்கா பாரு.

குமார்: ஆமா, அதான் போட்டிருக்கு.

கிராணி மாமா: அப்ப கேளு. அதைத் தின்ன எலி அன்னிக்கே சாகாது. நாலஞ்சு நாளு ஆகும். ரத்தம் உறையாம உள்ளுக்குள்ளயே கசியும். அந்த நாளெல்லாம் அது மந்தமா, தள்ளாடி, பயமில்லாம வெளிய வந்து நிக்கும். ஆந்தைக்கு அதைவிடச் சுலபமான எரை கெடையாது. விஷம் அப்படியே ஆந்தைக்கும் போவும். 1980கள்ல சில தோட்டங்கள் பழைய வார்ஃபரின்ல இருந்து இந்தப் புது வகை மருந்துக்கு மாறினப்ப ஆந்தை மளமளன்னு கொறைஞ்சுது. பெட்டியைத் தொறந்தா காலி.

குமார்: மாமா, கோவிச்சுக்காதீங்க. தோட்டத்துலயே மருந்து போடறாங்கல்ல?

கிராணி மாமா: போடறாங்க, நான் மறைக்கல. எலி எல்லை மீறினா போட்டுத்தான் ஆகணும். ஆந்தை இருக்கற இடத்துல வீரியம் கொறைஞ்ச மருந்தாப் பாத்துப் போடறது வழக்கம். நீ வாங்கினது அந்த வகை இல்ல.

குமார்: என் மச்சான் எலிக்காய்ச்சல் வந்து ஐசியூல கெடந்தவன். எலி மூத்திரம் கலந்த தண்ணி கால் புண்ணுல பட்டது, அவ்வளவுதான். என் வீட்ல ரெண்டு சின்னப் புள்ளைங்க லோங்கான் ஓரத்துலதான் வெளையாடுதுங்க. ஆந்தை முக்கியமா புள்ளைங்க முக்கியமா, நீங்களே சொல்லுங்க.

லோகேஸ்: குமார் அண்ணன் கேக்கறதும் நியாயம்தான்.

மீனா டீச்சர்: நியாயம்தான். ஆனா மருந்துக்கு இருக்கற எலி சாகும், அடுத்த வாரம் தோட்டத்துல இருந்து வேற எலி வரும். சோறு கெடைக்கற வரைக்கும் வந்துக்கிட்டேதான் இருக்கும். அந்தச் சோத்தை யாரு போடறான்னு மொதல்ல பேசுவோமா?

(கொஞ்ச நேரம் யாரும் ஒன்னும் போடல.)

சந்திரா அக்கா: டீச்சர் என்னைத்தான் சொல்றாங்க.

மீனா டீச்சர்: உன்னை மட்டும் இல்ல சந்திரா. மூடி இல்லாத குப்பைத்தொட்டி அஞ்சாறு இருக்கு. எங்க வீட்டுப் பப்பாளி விழுந்து அழுகிக் கெடக்கு, அதுவும் எலிக்கு விருந்துதான். ஆனா மதில் மேல நீ வைக்கிற சோறு சாயந்தரம் வரைக்கும் அங்கயே கெடக்கே.

சந்திரா அக்கா: அது காக்காவுக்கு. எங்க மாமியார் காலத்துல இருந்து வைக்கிறோம். காக்கா தின்னது போக மைனா, சின்னான், புறான்னு எல்லாம் வரும். காப்பியை வச்சுக்கிட்டு அதுங்களைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா எனக்குக் கால் வலிகூடத் தெரியாது. அதை நிறுத்தச் சொன்னா நான் என்ன பண்ணுவேன்?

கிராணி மாமா: நிறுத்த வேணாம்மா. காலைல வை. ஒரு கைப்பிடி போதும், அரை மணி நேரத்துல தின்னு தீர்க்கற அளவு. மிச்சத்தை எடுத்துடு. எலி ராத்திரிக்காரன், அவனுக்கு ஒரு பருக்கை இருக்கக் கூடாது. இன்னொன்னு, இந்த ஊர்க் காக்காவே சிலோன்ல இருந்து கிள்ளானுக்குக் கொண்டு வந்ததுதான், நூறு வருசத்துக்கு மேல ஆச்சு. காப்பித் தோட்டத்துப் புழுவைத் திங்கறதுக்காக. நம்ம பாட்டன் மாதிரி அதுவும் தோட்ட வேலைக்குக் கப்பல் ஏறி வந்த சாதிதான், பட்டினி போட வேணாம்.

சந்திரா அக்கா: இதை எங்க மாமியார்கிட்ட சொல்லியிருந்தா ரெண்டு கைப்பிடி வச்சிருப்பாங்க.

லோகேஸ்: பப்பாளியத் தின்னது எலி இல்ல டீச்சர், மூசாங், அதான் மரநாய். நான் நைட் ஷிப்ட் முடிஞ்சு வர்றப்ப உங்க மதில் மேல நடந்து போனதைப் பாத்தேன். பழுக்கறதுக்கு முன்னாடியே பறிச்சுடுங்க, இல்லன்னா சாக்குப் பை கட்டுங்க.

மீனா டீச்சர்: ஒரு பழம் அதுக்கு விட்டுடறேன். என் தொங்கற தொட்டில தேன்சிட்டு வேற கூடு கட்டியிருக்கு. சிலந்தி வலையைப் பிச்சுப் பிச்சு எடுத்துட்டுப் போய் நாரோட சேத்துப் பின்னுது. வாசல் கதவு மாதிரி ஒரு ஓட்டை, அதுக்கு மேல மழை படாம சின்னதா ஒரு தாழ்வாரம். பொட்டைதான் தனியா கட்டுச்சு. சேவல் பக்கத்து வயர்ல உக்காந்து பாடிக்கிட்டே இருந்துச்சு.

தேவி: எல்லா வீட்லயும் அதே கதைதான் டீச்சர்.

மீனா டீச்சர்: அதனால இந்த மாசம் ஒட்டடை அடிக்கிறதில்லன்னு முடிவு. யாரும் வந்து குத்தம் சொல்லாதீங்க.

மாலை 5:25

குமார்: பொறி வாங்கியாந்திருக்கேன், கம்பிக் கூண்டு நாலு. மருந்தை இன்னிக்கு வைக்கல. ஆனா ஒரு மாசம் பாப்பேன். எலி கொறையலன்னா வைப்பேன், முன்னாடியே சொல்லிட்டேன்.

கிராணி மாமா: சரிப்பா. கூண்டுல தேங்காயைச் சுட்டு வை, கருவாடு வேணாம், பூனை மாட்டிக்கும். பசை அட்டை மட்டும் வாங்கிடாத. பல்லி, குருவின்னு எதுன்னாலும் ஒட்டிக்கும். பின்னாடி எலியைத் தேடி நாகம் வந்தா அடிக்கப் போகாம 999 அடிச்சுப் பொம்பா தீயணைப்புக்காரங்களைக் கூப்பிடு.

லோகேஸ்: மாமா, நம்ம திடல்ல ஒரு ஆந்தைப் பெட்டி வச்சா என்ன? பலகை எங்கிட்ட கெடக்கு.

கிராணி மாமா: வைக்கலாம். தோட்டத்துல பத்து ஹெக்டருக்கு ஒரு பெட்டி கணக்கு. நமக்கு ஒன்னு போதும். ரோட்டு விளக்கு நேரா அடிக்காத பக்கம், ஒரு ஆள் ஏணி போட்டு ஏறற உயரத்துல வைக்கணும். கம்பத்துல தகரம் சுத்தணும், இல்லன்னா மூசாங் ஏறி முட்டையைத் தின்னுடும். நாம ஆந்தையப் புடிச்சு உள்ள விட முடியாது. தோணினா அதுவா வரும், இல்லன்னா மைனா குடும்பம் நடத்தும். குஞ்சை எடுத்து வளர்க்கற வேலை மட்டும் யாரும் வச்சுக்காதீங்க, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2010 இருக்கு. திடல் நகராண்மைக் கழகத்தோடது, மொதல்ல ஒரு கடிதம் போடணும்.

மீனா டீச்சர்: கடிதம் நான் எழுதறேன். மலாய்ல.

தேவி: கேக்க மறந்துட்டேன். என் கருவேப்பிலைச் செடில குருவி எச்சம் மாதிரி சின்னச் சின்னப் புழு. மருந்து அடிக்கலாமா?

மீனா டீச்சர்: அடிக்காதே! அது பட்டாம்பூச்சிப் புழு. வளர்ந்தா பச்சையாயிடும். தொட்டுப் பாரு, தலைல இருந்து கொம்பு மாதிரி நீட்டி ஒரு நாத்தம் விடும். கொஞ்சம் இலை போனாலும் செடி தழைச்சுடும். சமையலுக்கு எங்க வீட்ல வந்து பறிச்சுக்கோ.

குமார்: பறவைக்குத் தண்ணித் தட்டு வச்சிருக்கறவங்க எல்லாரும் வாரம் ஒரு தடவை தேய்ச்சுக் கழுவுங்க. தண்ணியை மட்டும் மாத்தினா பத்தாது, கொசு முட்டை ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும். ஜெந்திக், அதான் கொசுப்புழு, இருந்தா கம்பவுன் அபராதம் 500 வெள்ளி (ரிங்கிட்).

பாக்கியம் ஆயா: ஆயா கேக்கறாங்க, ஆந்தைப் பெட்டியை எங்க வீட்டுக்கு எதிர்ல வைக்கப் போறீங்களான்னு.

கிராணி மாமா: இல்ல ஆயா, திடலோட அந்தக் கோடில.

பாக்கியம் ஆயா: அப்படின்னா சரிங்கறாங்க. ஆனா ஆணி அடிக்கறதுக்கு முன்னாடி நல்ல நேரம் பாக்கணுமாம்.

லோகேஸ்: நாளைக்குக் காலைல பின்லோரோங்ல எல்லாரும் சேந்து துப்புரவு பண்ற கோத்தோங் ரோயோங் வச்சுக்கலாமா? குப்பை, புல்லு, விழுந்த பழம் எல்லாத்தையும் ஒரே மூச்சுல முடிச்சுடலாம். எட்டு மணி.

சந்திரா அக்கா: நாசி லெமாக் நான் கொண்டு வர்றேன்.

மீனா டீச்சர்: எட்டுன்னா எட்டு. போன தடவை மாதிரி பத்தரைக்கு வந்து நாசி லெமாக் மட்டும் தின்னுட்டுப் போகக் கூடாது.

லோகேஸ்: டீச்சர், பேரைச் சொல்லாம என்னைச் சொல்றீங்க.

குமார்: பாராங் கத்தி, சங்கோலு மண்வெட்டி ரெண்டும் எங்கிட்ட இருக்கு. கையுறையும் பூட்ஸும் இல்லாம யாரும் லோங்கான்ல எறங்க வேணாம்.