1969 கமாரோ, பெயின்ட் கோடு 72 ஹக்கர் ஆரஞ்சு: ஒரே கோடு, ரெண்டு கடையில் ரெண்டு நிறம். எதை நம்புறது?

ட்ராய்வாசி

எல்லாருக்கும் வணக்கம். டெட்ராய்ட் பக்கத்துல ட்ராயில் இருக்கேன். போன வருஷக் கடைசியில் ஒரு 1969 கமாரோ (ஜி.எம். கம்பெனியோட ஷெவர்லே கார்) கூபே வாங்கினேன். வண்டி இப்போ அடர் நீலம். எண்பதுகளில் அடிச்சதுன்னு விற்றவர் சொன்னார், அது எனக்கும் தெரியும், ஏன்னா கதவு ரப்பர் மேலயே நீலம் ஏறியிருக்கு.

ஃபயர்வாலில் (என்ஜினுக்கும் உள்ளே உட்கார்ற இடத்துக்கும் நடுவில் இருக்கிற சுவர்) டிரைவர் பக்கம் இருக்கிற தகட்டைத் துடைச்சுப் பார்த்தேன். மாடல் 12437, அதாவது வி8 கூபே. ஆலை என்.ஓ.ஆர்., ஒஹையோவின் நார்வுட். வின் எண்ணிலும் (வண்டியோட அடையாள எண்) 9க்குப் பிறகு "என்" தான் வருது. டிரிம் 711, உள்ளே கறுப்பு சீட், அதுவும் சரி. பெயின்ட் இடத்தில் 72 72, அதாவது கீழேயும் மேலேயும் ஒரே நிறம். ஆக, வண்டி பிறந்தது ஹக்கர் ஆரஞ்சில். அதே நிறத்துக்குத் திருப்பணும்.

சிக்கல் இங்கேதான். ரெண்டு பெயின்ட் கடையில், ரெண்டு வேற கம்பெனி பெயின்டில், இதே கோடைச் சொல்லி டெஸ்ட் கார்டு அடிச்சு வாங்கினேன். ஒண்ணு தக்காளிப் பக்கம் போகுது, இன்னொண்ணு மஞ்சள் பக்கம். பக்கத்துல பக்கத்துல வெச்சா யாரும் ஒரே நிறம்னு சொல்ல மாட்டாங்க. ராத்திரி கராஜ் எல்.இ.டி. வெளிச்சத்தில் பார்த்தா வித்தியாசம் பாதியாக் குறையுது, காலையில் வெயிலுக்குக் கொண்டுபோனா திரும்ப வந்துடுது. இன்னொண்ணு: ஒரு கார்டில், பெயின்ட் மறைக்குதான்னு பார்க்க இருக்கிற கறுப்பு வெள்ளைக் கட்டம் ரெண்டு தடவை அடிச்ச அப்புறமும் லேசா எட்டிப் பார்க்குது.

எந்தக் கார்டு சரி? பேஸ்கோட், கிளியர்கோட் (நிறம் ஒண்ணு, மேல நிறமில்லாத காப்பு ஒண்ணு) போடவா, இல்ல சிங்கிள் ஸ்டேஜா (நிறமும் பளபளப்பும் ஒரே பெயின்டில்)? ஆகஸ்டில் இங்க பழைய கார்கள் ஊர்வலமாப் போற வுட்வர்ட் ட்ரீம் க்ரூஸுக்குக் கொண்டுபோகணும்னு ஆசை, ஆனா அவசரம் இல்லை.

கோவை டிங்கர்

தம்பி, ரெண்டு கார்டும் சரிதானுங்க, ரெண்டும் தப்புதானுங்க. 72ங்கிறது ஜி.எம். வெச்ச நம்பர். அதை வெச்சு ஒவ்வொரு பெயின்ட் கம்பெனியும் அவங்கவங்க கிட்ட இருக்கிற டின்ட்டில் (கலக்குற நிறச் சரக்கு) ஒரு ஃபார்முலா போட்டு வெச்சிருக்காங்க. 69ல ஆலையில் ஊத்தின சரக்கு இன்னிக்கு எந்தக் கடையிலயும் இல்லை. புத்தகத்தை நம்பாதீங்க, வண்டியைக் கேளுங்க.

ஒரிஜினல் பெயின்ட் எங்கயாவது ஒளிஞ்சிருக்கும். கதவடி சில் பிளேட்டைக் கழட்டிப் பாருங்க. பின் சீட்டுப் பக்கவாட்டில் இருக்கிற டிரிம் பேனலுக்குப் பின்னாடி பாருங்க, அதுதான் என் முதல் சாய்ஸ், வெயிலே படாத இடம். டிக்கி மூடியோட உள்பக்கம், எம்ப்ளத்துக்கு அடியிலயும் சில சமயம் கிடைக்கும். என்ஜின் பே பக்கம் போகாதீங்க. கமாரோவுல ஃபயர்வால் எல்லாம் பாடி கலர் எதுவா இருந்தாலும் ஆலையில் கறுப்புதான் அடிச்சாங்க. அங்க கறுப்பைப் பார்த்துட்டு "ஐயோ வண்டி கறுப்பா இருந்திருக்கும் போல"ன்னு பயந்தவங்க நிறைய பேரு.

கிடைச்ச இடத்தை ஈரத் துணியில் துடைச்சு, கொஞ்சம் பாலிஷ் காம்பவுண்ட் போட்டுக் கையாலயே தேய்ங்க. மேல் படலம் வெளுத்திருக்கும், அதை எடுத்த பிறகு தெரியறதுதான் நிறம்.

பாதசாரி

நீலமே நல்லாத்தானே இருக்கு, எதுக்கு இந்தப் பாடு? ஆரஞ்சுன்னா அந்த வருஷம் இண்டியானாபொலிஸ் ரேஸில் முன்னாடி ஓடி வழிகாட்டின பேஸ் கார் நிறம்தானே? விலை ஏறுமா?

கோவை டிங்கர்

பேஸ் கார் வெள்ளைங்க. டோவர் ஒயிட், கோடு 50. ஆரஞ்சு அதுல பட்டை மட்டும்தான், உள்ளே ஆரஞ்சு துணி சீட். தகட்டில் இசட் 11னு இருக்கணும். இவரு வண்டி அது இல்லை. விலையைப் பத்தி அவரு கேக்கவே இல்லையே.

ட்ராய்வாசி

அண்ணா, நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன். சில் பிளேட்டுக்கு அடியில் ஆரஞ்சு இருக்கு, ஆனா மண்ணும் துருவும் கலந்து செங்கல் மாதிரி. பின் டிரிம் பேனலைக் கழட்டினதும் அசந்துட்டேன். உள்ளங்கை அகலத்துக்கு, ஓரத்தில் நீலப் புகை மட்டும் படிஞ்சு, நடுவில் சுத்தமான ஆரஞ்சு. காம்பவுண்ட் போட்டதும் துணி ஆரஞ்சாயிடுச்சு, அடியில் இன்னும் பளீர்னு ஒண்ணு வந்தது. ரெண்டு கார்டையும் பக்கத்தில் பிடிச்சேன். மஞ்சள் பக்கம் போற கார்டு கிட்ட வருது, ஆனா ஒட்டலை. ஒரிஜினலில் ஒரு கனம் இருக்கு, கார்டு அதுக்கு முன்னாடி ஜூஸ் மாதிரி தெரியுது. இது என் கண்ணோட கோளாறா?

நிறமி வாத்தி

கண்ணில் கோளாறு இல்லை. பெயின்ட் நிறமித் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அந்தக் காலத்து மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு கார் பெயின்டுகளில் ஈயக் குரோமேட்டும், அதோடு மாலிப்டினம் சேர்ந்த மாலிப்டேட் ஆரஞ்சும் பரவலாக இருந்தன. இவை கனிம நிறமிகள். ஒளியை நன்றாகச் சிதறடிக்கும். அதனால் மெல்லிய படலமே அடியில் இருப்பதை மறைத்துவிடும். நீங்கள் சொல்லும் அந்தக் கனம் அங்கிருந்துதான் வருகிறது. ஈயத்தை விலக்கிய பிறகு வந்த ஆரஞ்சுகளில் பெரும்பாலும் கரிம நிறமிகள். நிறம் தூய்மையாக இருக்கும், ஆனால் வெளிச்சம் ஊடுருவிப் போய் அடிப்பூச்சைத் தொட்டுவிட்டுத் திரும்பி வரும். கறுப்பு வெள்ளைக் கட்டம் எட்டிப் பார்ப்பது இதனால்தான். பெயின்ட் கடைக்காரர் தண்ணி கலந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம்.

எல்.இ.டி. விஷயமும் இதோடு சேர்ந்ததே. வேறு வேறு நிறமிகளால் ஆன இரண்டு பூச்சுகள் ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போய் இன்னொன்றில் பிரிந்துவிடும். ஆகவே கராஜில் முடிவெடுக்காதீர்கள். பகல் வெயிலில் ஒரு முறை, நிழலில் ஒரு முறை பாருங்கள். வண்டி வெளியே ஓடத்தானே போகிறது? வெயிலில் பொருந்துவதைத் தேர்ந்தெடுங்கள், பெட்ரோல் பங்கின் விளக்கில் கொஞ்சம் பிரிந்தால் பரவாயில்லை. இன்றைய நிறமிகளை வைத்து எல்லா வெளிச்சத்திலும் ஒட்டவைப்பது நடக்காத காரியம்.

ஒரு எச்சரிக்கை. அந்த ஆரஞ்சை உலர்வாகத் தேய்த்துத் தூளாக்காதீர்கள். ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஈரமாகத் தேய்த்து, துணியைத் தனியே கட்டிப் போட்டு, கையைக் கழுவிவிட்டு வீட்டுக்குள் போங்கள். குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் இரண்டு மடங்கு கவனம்.

ஸ்காபரோ அண்ணை

தம்பி, நான் டொரொன்டோவில பாடி ஷொப் வேலை செய்தனான், இப்ப ஓய்வு. வாத்தியார் சொன்னது முழுக்க உண்மை. கடையில அதுக்கு என்ன செய்யிறதெண்டு நான் சொல்லுறன்.

செம்மஞ்சளுக்கு அடிப்பூச்சுத்தான் பாதி நிறம். வெள்ளை சீலருக்கு மேல அடிச்சால் மஞ்சள் பக்கம் துள்ளும். கடும் சாம்பலுக்கு மேல அடிச்சால் செத்துப் போகும். சிவப்பு ஒக்சைட் பிறைமருக்கு மேல அடிச்சால் தக்காளிதான். உங்கட ரெண்டு கார்டும் எந்தப் பிறைமருக்கு மேல அடிச்சதெண்டு முதல் கேளுங்கோ. அது வேற வேறயாய் இருந்தால் அரைவாசிப் பிரச்சினை அங்கயே முடிஞ்சுது. பிறகு நீங்களே காட்டுகளில வெள்ளை, வெளிர் சாம்பல் ரெண்டும் போட்டு, மேல ஒரே பெயின்றை அடிச்சு, கறுப்புக் கட்டம் முழுக்க மறையிற வரைக்கும் எத்தினை கோட் போகுதெண்டு பின்பக்கத்தில எழுதி வையுங்கோ. வண்டிக்கும் அதே கோட்தான். காட்டில நாலு, வண்டியில ரெண்டு எண்டு அடிச்சால் நிறம் வேற.

இன்னுமொண்டு, நீலத்துக்கு மேலயே அடிக்கிற யோசனை இருந்தால் விட்டிடுங்கோ. ஜி.எம். அப்ப அடிச்சது அக்ரிலிக் லாக்கர். ஃபோர்ட், கிரைஸ்லர் எல்லாம் எனாமல். லாக்கர் தின்னருக்கு எப்பவும் கரையும். புதுப் பெயின்றின்ர தின்னர் கீழ இறங்கினால் பழைய லாக்கர் சுருண்டு எழும்பும், விளிம்பெல்லாம் கோடு கோடாய்த் தெரியும். தகரம் வரைக்கும் உரியுங்கோ. ஆனால் மணல் பிளாஸ்ற் வேண்டாம், கூரையும் பொனெட்டும் அகலமான தகடு, வளைஞ்சு போனால் பட்டி பூசிப் பூசித்தான் சாவீங்கள். கெமிக்கல் ஸ்றிப்பர் பாவிக்கலாம். 2019இல அமெரிக்காவில மெத்திலீன் குளோரைட் போட்ட ஸ்றிப்பரைச் சில்லறைக் கடையளில விக்கத் தடை போட்டிட்டினம், அதால இப்ப கிடைக்கிறது மெதுவாய்த்தான் வேலை செய்யும். பொறுமை வேணும்.

ட்ராய்வாசி

அண்ணை, ரொம்ப நன்றி. கேட்டுட்டேன். ஒண்ணு சீலரே இல்லாம அந்தக் கட்டம் போட்ட கார்டில் நேராவே அடிச்சது, இன்னொண்ணு வெள்ளை சீலர் மேல! இப்போ சிங்கிள் ஸ்டேஜ், பேஸ்கோட் விஷயத்துக்கு வாங்க.

கோவை டிங்கர்

பேஸ்கோட் கிளியர்கோட்தானுங்க. வெயில் தாங்கும், கீறல் விழுந்தா கிளியரோட பாலிஷ் பண்ணிக்கலாம், பின்னாடி ஒரு பேனல் மட்டும் அடிக்கணும்னாலும் சுலபம். ஆரஞ்சு மாதிரி வெளுக்கிற நிறத்துக்கு மேல ஒரு காப்பு இருக்கிறது நல்லது.

ஸ்காபரோ அண்ணை

ஓடுற வண்டிக்கு அண்ணர் சொல்லுறது சரி. ஆனால் தம்பி கேட்டது ஆலை நிறம். ஹக்கர் ஒறேஞ்சில மெற்றாலிக் துகள் ஒண்டும் இல்லை, வெறும் சொலிட் நிறம். சொலிட்டுக்குச் சிங்கிள் ஸ்டேஜ் யூரித்தேன் வடிவாய் வரும். கிளியருக்குக் கீழ நிறம் கண்ணாடிக்குள்ள இருக்கிற மாதிரித் தெரியும், 69 வண்டிக்கு அது ஒட்டாது. ஆலையில லாக்கரை அடிச்சு, சுட்டு, தேய்ச்சு, திரும்பச் சுடுவினம். அந்தச் சூட்டில அது இளகித் தானாய் மட்டமாகும். அந்த மினுக்கம் மேல்பக்கத்திலதான். கதவுக்குக் கீழ, உள் விளிம்பில எல்லாம் பெயின்ற் மெல்லிசாய், காய்ஞ்சு போய்த்தான் இருக்கும். இப்ப செய்யிற ஆக்கள் டிக்கி மூடிக்கு உள்பக்கத்தையும் முகம் பாக்கிற கண்ணாடியாய் ஆக்கினம். எனக்கு அது பிடிக்காது.

அசல் அக்ரிலிக் லாக்கரே வேணுமெண்டால் தேடினால் கிடைக்கும். ஆனால் தடிப்பாய்ப் போனால் வெடிக்கும், பெற்றோல் சிந்தினால் கறை பிடிக்கும், பொலிஷ் போட்டே கை கழண்டிடும். ஓட்டுற வண்டிக்கு நான் சொல்ல மாட்டன்.

கோவை டிங்கர்

சரிங்க, சொலிட் நிறம்ங்கிறதால விட்டுக் குடுக்கறேன். மெட்டாலிக்கா இருந்திருந்தா, கோடு 57 ஃபாதம் கிரீன் மாதிரி, விட்டிருக்க மாட்டேன்.

ட்ராய்வாசி

இதை வீட்டு கராஜில் நானே அடிக்கலாமா?

நிறமி வாத்தி

யூரித்தேன் எதுவானாலும், அதை இறுகவைக்கக் கலக்கும் ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கும். அதன் அளவு ஆபத்தான நிலைக்குப் போனாலும் மூக்கு எச்சரிக்காது. கரி ஃபில்டர் மாஸ்க்கின் ஆயுள் முடிந்ததும் வாசனையை வைத்துத் தெரியாது. ஒருமுறை உடம்பு ஒவ்வாமை பிடித்துக்கொண்டால், பிறகு துளி பட்டாலும் ஆஸ்துமா. வெளியிலிருந்து குழாய் வழியே காற்று வரும் முகமூடி இல்லாமல் அடிக்கக் கூடாது. வீட்டோடு ஒட்டிய கராஜ் என்றால் என் பதில்: வேண்டாம். உரிப்பது, பட்டி பார்ப்பது, ப்ரைமரைத் தேய்ப்பது எல்லாம் நீங்கள் செய்யுங்கள். நிறம் அடிப்பதை மட்டும் பூத் (பெயின்ட் அடிப்பதற்கான தனி அறை) உள்ளவரிடம் கொடுங்கள்.

ட்ராய்வாசி

ஒட்டின கராஜ்தான். மேலே குழந்தை ரூம். அப்போ பூத்துக்கே கொடுத்துடறேன்.

நேத்து நடந்தது: கடையில் இருந்து நிறத்தை அளக்கிற ஸ்பெக்ட்ரோ கருவியை வீட்டுக்கே கொண்டுவந்து, டிரிம் பேனல் பின்னாடி பாலிஷ் போட்ட இடத்தில் வெச்சு அளந்தாங்க. கருவி கொடுத்த ஃபார்முலாவை வெளிர் சாம்பல் சீலர் மேல அடிச்ச கார்டு இன்னிக்குக் காலையில் வந்தது. மதியம் டிரைவ்வேயில், பேனல் இல்லாத அந்த ஓட்டை வழியா கார்டை நுழைச்சுப் பிடிச்சேன். நிழலில் வித்தியாசமே கண்டுபிடிக்க முடியலை. நேர் வெயிலில் கார்டில் ஒரு இழை சிவப்பு அதிகம். இன்னும் ஒரு தடவை டின்ட் மாத்தச் சொல்லவா, இத்தோட விடவா?

கோவை டிங்கர்

ஒரு தடவை சொல்லிப் பாருங்க, கடைக்காரரு முகம் சுளிக்க மாட்டாரு. இல்லாட்டியும் இத்தோட விட்டா ஒண்ணும் கெட்டுப் போகாதுங்க. வண்டி முழுக்க ஒரே பெயின்ட், பக்கத்துல வெச்சு ஒப்பிட அந்த உள்ளங்கை அகலம் மட்டும்தான் இருக்கு, அதுவும் பேனலுக்குப் பின்னாடி. அதை உரிச்சுடாதீங்க, டேப் ஒட்டி மறைச்சு அப்படியே வெச்சுடுங்க. அடுத்து இந்த வண்டி யார் கைக்குப் போனாலும் அளக்க ஒரு இடம் இருக்கும்.

ஸ்காபரோ அண்ணை

கதவு இடுக்கு, டிக்கி மூடி உள்பக்கம், எல்லாத்துக்கும் சேத்து ஒரேயடியாய் வாங்குங்கோ. அடிக்க முதல் எல்லா டின்னையும் ஒரே வாளியில ஊத்திக் கலக்கச் சொல்லுங்கோ. டின்னுக்கு டின் சாடையாய் மாறும், கதவும் ஃபெண்டரும் சேருற இடத்தில அது காட்டிக் குடுக்கும். ஹார்ட்னர் கலக்காத பெயின்ற் ஒரு போத்தல் தனிய எடுத்து, மூடியை இறுக்கி, ஃபார்முலாச் சீட்டையும் சீலர் நிறத்தையும் மேல ஒட்டி வையுங்கோ. கல்லடி பட்டால் தேவைப்படும். வுட்வர்டில கட்டாயம் படும்.