பதின்மூணு வயசுப் பிள்ளை வேலைக்குப் போகட்டுமா? இங்கிலாந்து வந்த குமரி மாவட்டக்காரர்களுக்கு

கேள்வி: மார்த்தாண்டத்திலிருந்து வந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. எனக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. 13 வயது மகள், கூடப் படிக்கிறவள் சனிக்கிழமை வேலைக்குப் போகிறாளாம், நானும் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். வீட்டுக்காரர், “படிக்கிற பிள்ளைக்கு எதுக்கு வேலை, ஊரில் கேள்விப்பட்டால் என்ன நினைப்பார்கள்” என்கிறார். விடலாமா? விட்டால் எங்கே தேடுவது?

பதில்: தாராளமாக விடலாம் அக்கா. இங்கிலாந்தில் 13 வயதிலிருந்து பகுதிநேர வேலைக்குச் சட்டமே இடம் தருகிறது. உங்கள் விசாவில் டிபென்டன்டாக, அதாவது உங்களைச் சார்ந்த குடும்பத்தினராக வந்த பிள்ளைக்கும் தடை இல்லை, விளையாட்டு வீரராகவோ கோச்சாகவோ வேலை பார்க்கத்தான் கூடாது.

உங்கள் வீட்டுக்கார அண்ணன் சொல்வதும் புரியாமல் இல்லை. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலில் நின்ற மாவட்டம் நம்முடையது. பள்ளிக்கூடப் பிள்ளை வேலைக்குப் போகிறது என்றால், அந்த வீட்டில் ஏதோ கஷ்டம் என்றுதான் நமக்குத் தோன்றும். படிப்பை விட்டுவிட்டு அண்டி ஆபீசுக்கும் (முந்திரிக்கொட்டை ஆலை) செங்கல் சூளைக்கும் போனவர்களை நம் குடும்பங்களிலேயே பார்த்திருக்கிறோம். அதனால் அந்தப் பயத்தை வெறும் வறட்டுக் கௌரவம் என்று தள்ள மாட்டேன். ஆனால் இங்கே வசதியான வீட்டுப் பிள்ளையும் காலையில் சைக்கிளில் பேப்பர் போடும். வீட்டுச் செலவுக்காக அனுப்புகிறார்கள் என்று யாரும் நினைப்பதில்லை. படிப்பு கெடாமல் இருக்க நேரக் கணக்கும் சட்டத்திலேயே இருக்கிறது. அதை அண்ணனிடம் வாசித்துக் காட்டுங்கள்.

பள்ளி நடக்கும் நாட்களில் வாரத்துக்கு மொத்தம் 12 மணி நேரம்தான். பள்ளி நாளிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் 2 மணி நேரம், சனிக்கிழமை 5 மணி நேரம். காலை 7-க்கு முன்னும் மாலை 7-க்குப் பின்னும் கூடாது. விடுமுறை வாரங்களில் 25 மணி நேரம் வரை போகலாம். வருஷத்தில் பள்ளி விடுமுறையில் இரண்டு வாரமாவது எந்த வேலையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. ஆகஸ்டில் திருவனந்தபுரத்துக்கு டிக்கெட் எடுத்து ஊருக்குப் போகிறவர்களுக்கு இது தானாகவே சரியாகிவிடும்.

இனி முக்கியமான விஷயம், பெர்மிட். நம் ஆட்கள் பலர் கோட்டை விடுவது இங்கேதான். பள்ளி வயதுப் பிள்ளையை வேலைக்கு வைத்தால், முதலாளி உள்ளூர் கவுன்சிலில் (நம் ஊர் நகராட்சி மாதிரி) விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். விண்ணப்பத்தில் உங்கள் கையெழுத்து கேட்பார்கள், பள்ளியிலும் விசாரிப்பார்கள். கவுன்சிலுக்குக் கவுன்சில் கொஞ்சம் மாறும் என்பதால், உங்கள் கவுன்சிலின் பெயரோடு ‘சைல்ட் எம்ப்ளாய்மென்ட் பெர்மிட்’ என்று கூகுளில் போட்டு, அந்தப் பக்கத்தை முழுதாகப் படித்துவிடுங்கள். பெர்மிட் இல்லாத பிள்ளை வேலையிடத்தில் விழுந்து கையை ஒடித்துக்கொண்டால், முதலாளியின் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடக்கூடும்.

அதனால் என் கணக்கு இதுதான்: பெர்மிட் என்றதும் முகம் மாறாமல் “ஃபாரத்தைக் கொண்டு வா, நிரப்பித் தருகிறேன்” என்கிற கடை நல்ல கடை. “அதெல்லாம் எதுக்கு, கையில் காசு தருகிறேன்” என்றால், சம்பளம் இரண்டு மடங்கு சொன்னாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

என்னென்ன வேலை கிடைக்கும்? பேப்பர் போடுவது, கடையில் சாமான் அடுக்குவது, முடிதிருத்தும் சலூனில் தரை பெருக்கி டவல் மடிப்பது, கஃபேயில் மேஜை துடைப்பது. கஃபே என்றால் மேஜைப் பக்கம் மட்டும், சமையலறைக்குள் விடக்கூடாது. தொழிற்சாலை, கட்டட வேலை, வீடு வீடாகக் காசு வசூலிப்பது, போனில் விற்பனை இவையெல்லாம் இந்த வயதுக்குத் தடை.

முதல் வேலைக்கு நான் பேப்பர் போடுவதைத்தான் சொல்வேன். வீட்டுப் பக்கத்துத் தெருக்கள், சின்ன நேரம், முதலாளியின் முணுமுணுப்பு இல்லை. ஆனால் சும்மா இல்லை. வார இறுதிப் பேப்பர் இணைப்புகளோடு தடிமனாக வரும், பை தோளை அறுக்கும். நம் ஊரில் போல சுருட்டி முற்றத்தில் எறிந்துவிட்டுப் போக முடியாது, கதவிலுள்ள தபால் துளைக்குள் போட வேண்டும். அந்தத் துளைக்குப் பின்னால் பிரஷ் மாதிரி முடி வைத்திருப்பார்கள், பேப்பர் பாதியில் சிக்கிக்கொள்ளும். அப்படியே விட்டால் மழையில் நனைந்து புகார் வரும். விரலை உள்ளே விட்டுத் தள்ளினால் அந்தப் பக்கம் நாய் காத்திருக்கும். மடிப்பு முன்னால் போகும்படி பிடித்து, விரலை வெளியே வைத்தபடி ஒரே தள்ளாகத் தள்ளப் பழக்கிவிடுங்கள். டிசம்பரில் காலை 7 மணி நள்ளிரவு மாதிரி இருட்டு. சைக்கிளில் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் கட்டாயம், பளபள ஜாக்கெட்டும் வாங்கிக் கொடுங்கள்.

தேடுவது எப்படி என்றால், மகளே போய்க் கேட்கட்டும். நீங்கள் கூடப் போனாலும் வெளியில் நில்லுங்கள். நாம் முந்திக்கொண்டு “மை டாட்டர் வெரி ஹார்ட் வொர்க்கிங்” என்று ஆரம்பித்தால் அங்கேயே காரியம் கெட்டது. மதியச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்த மூன்று மணிவாக்கில், ஒரு பக்கத்தில் பெயர், பள்ளி, எந்த நாள் எந்த நேரம் வர முடியும் என்று எழுதிய தாளோடு போய், மேனேஜரைப் பார்க்க முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும். பெரியவர்கள் முன்னால் தலை குனிந்து நிற்பது நமக்கு மரியாதை, இங்கே அதை ஆர்வமில்லை என்று எடுத்துக்கொள்வார்கள்.

கேள்வி: சம்பளம் எவ்வளவு வரும்?

பதில்: பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தாது. கடைக்காரர் சொல்வதுதான் சம்பளம், எனவே மணிக்கு எவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். பள்ளி வயதைத் தாண்டிய 16, 17 வயதுக்காரர்களுக்குத்தான் சட்டப்படியான தொகை உண்டு. 2025 ஏப்ரலில் மணிக்கு 7.55 பவுண்ட், 2026 ஏப்ரலிலிருந்து 8 பவுண்ட். பல வங்கிகளில் 11 வயதிலிருந்தே பிள்ளை பெயரில் கணக்கு திறக்கலாம். சம்பளம் அதில் விழட்டும். அதை எடுத்து ஊரில் சீட்டுக் கட்டிவிடாதீர்கள், அவள் காசு அவளுடையது.

கேள்வி: எங்கள் தெருவில் தமிழர் ஒருவரின் மளிகைக் கடை இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். “தங்கச்சியைச் சும்மா அனுப்புங்கோ, பழகட்டும்” என்கிறார். சம்பளமில்லை என்றால் பெர்மிட் வேண்டாம்தானே?

பதில்: வேண்டும். லாபத்துக்கு நடக்கும் கடையில் உதவி செய்தால், காசு வாங்காவிட்டாலும் சட்டத்தின் கண்ணில் அது வேலைதான். சொந்த அப்பா கடை என்றாலும் அதே கதை. நம் ஊரில் லீவு நாளில் அப்பாவின் கடையில் உட்கார்ந்த பழக்கத்தில் இது விசித்திரமாகத் தெரியும், ஆனால் விதி அப்படித்தான். அண்ணாச்சியிடம் தயங்காமல் சொல்லுங்கள், நல்ல மனிதர் என்றால் கோபப்பட மாட்டார். அப்புறம், மது, சிகரெட், லாட்டரி விற்கும் கவுண்டரில் அவளை நிறுத்தச் சம்மதிக்காதீர்கள்.

கேள்வி: என் மகனுக்கு 15. வீட்டிலிருந்தே ஆன்லைன் வேலை, அவன் கணக்குக்கு வரும் பணத்தை இன்னொரு கணக்குக்கு அனுப்பினால் கமிஷன் என்று மெசேஜ் வந்திருக்கிறது.

பதில்: உடனே நிறுத்துங்கள். அது திருட்டுப் பணம் கைமாற்றும் வேலை. மாட்டினால் கணக்கை மூடிவிடுவார்கள், பிறகு வேறு வங்கியிலும் கணக்கு கிடைப்பது பாடு, போலீஸ் வழக்கும் வரலாம். ஏற்கெனவே பணம் வந்திருந்தால் அதைத் தொடாமல் இன்றே வங்கிக்குப் போன் செய்யுங்கள். பதிவுக் கட்டணம் கேட்கும் வேலையும் வேண்டாம்.

15 வயது என்றால் அவனுக்குச் சனிக்கிழமை 8 மணி நேரமும், விடுமுறையில் வாரத்துக்கு 35 மணி நேரமும் உண்டு. பெர்மிட் அவனுக்கும் வேண்டும். 16-வது பிறந்தநாளோடு அது முடிந்துவிடாது, பதினாறு நிறையும் அந்தக் கல்வியாண்டின் ஜூன் கடைசி வெள்ளி வரை சட்டப்படி அவன் பள்ளிப் பிள்ளைதான்.