மொறிஸ் மைனர் காருக்குப் புது எலக்ரிக் பெற்றோல் பம்ப் வாங்குவதா, பழையதையே திருத்துவதா?

சுன்னாகத்துக்காரன்:

வணக்கம். அப்பாவின் 1964 மொறிஸ் மைனர் இப்போது என் கையில் இருக்கிறது. 1098 சிசி, எச்எஸ்2 ரகக் காபரேற்றர் (பெற்றோலைக் காற்றோடு கலக்கும் கருவி), இன்னும் டைனமோதான். போன மாதம் அம்மாவை வவுனியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, ஆனையிறவு தாண்டியதும் இழுத்து இழுத்து நின்றுவிட்டது. உச்சி வெயில், ஒதுங்க நிழலே இல்லை. பொனெற்றைத் திறந்து, அப்பா செய்வது போலப் பம்பின் தலையில் ஸ்பானரால் ஒரு தட்டுத் தட்டினேன். டிக் டிக் டிக் என்று உயிர் வந்தது. வவுனியா போய்ச் சேருவதற்குள் நான்கு தரம் இறங்கித் தட்ட வேண்டியிருந்தது. நாலாவது தரம் அம்மாவே ஸ்பானரை எடுத்து நீட்டினா.

இங்கே ஒரு கடையில் சதுரப் பெட்டி போன்ற பம்ப் ஒன்றைக் காட்டி, "எல்லா வாகனத்துக்கும் போகும், மணிக்கு நூறு லீற்றருக்கு மேல் தள்ளும்" என்றார்கள். நண்பன் ஒருவன் இஞ்செக்‌ஷன் காரிலிருந்து கழற்றிய பம்பைச் சும்மாவே தருகிறேன் என்கிறான். இங்கிலாந்திலிருந்து அசல் எஸ்யூ கொம்பனிப் பம்ப் எடுப்பித்தால் தபால் செலவு, சுங்கம் எல்லாம் சேர்ந்து கையைக் கடிக்கும். எதை வாங்கலாம்? பெரிதாகப் போட்டால் நல்லதுதானே?

பழைய இரும்பு:

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: இல்லை.

கணக்குப் போட்டுப் பார். மணிக்கு 80 கிலோமீற்றரில் ஓடி, லீற்றருக்கு 12 கிலோமீற்றர் கிடைத்தால், உன் கார் ஒரு மணித்தியாலத்தில் குடிப்பது 7 லீற்றர்கூட இல்லை. உன்னிடம் இருக்கும் எஸ்யூவே 30 லீற்றருக்கு மேல் தரும். நூறு லீற்றரை வைத்து என்ன செய்யப் போகிறாய்?

பார்க்க வேண்டியது அழுத்தத்தை. மைனரின் அசல் பம்ப் தருவது சுமார் 1.5 பிஎஸ்ஐ (அழுத்த அலகு). 3 பிஎஸ்ஐயைத் தாண்டினால் காபரேற்றரின் கிண்ணம் நிறைந்ததும் பெற்றோலை அடைக்கும் ஊசி வால்வு தாங்காது. அதை மூட மிதவை எவ்வளவு தள்ளினாலும் பெற்றோல் பீறிக்கொண்டு வரும். அந்தச் சதுரப் பம்ப் ஒன்றை நான் அழுத்தமானியில் பூட்டிப் பார்த்தேன், முள் 5இல் போய் நின்றது. பெட்டியில் எழுதியிருந்தது வேறு. மைனரில் காபரேற்றருக்கு நேர் கீழே கொதிக்கிற சைலன்சர் மனிபோல்ட் (புகை வெளியேறும் குழாய்) இருக்கிறதை மறந்துவிடாதே. வழிகிற பெற்றோல் விழும் இடம் அதுதான். இஞ்செக்‌ஷன் பம்ப் பற்றிப் பேச்சே வேண்டாம். அது 40 பிஎஸ்ஐக்கு மேல் தள்ளும். நண்பனுக்கு நன்றி சொல்லித் திருப்பிக் கொடு.

இனி உன் எஸ்யூவுக்கு என்ன வருத்தம் என்று பார்ப்போம். அதன் வேலை எளிது. உள்ளே இருக்கும் கொயில் டயபிராமை (வளையும் சவ்வை) இழுக்கும், இழுத்து முடிந்ததும் பொயின்ற் (மின்சாரத்தைத் தொடுக்கும் முனை) விலகி மின்சாரம் நிற்கும், பிறகு ஸ்பிரிங் பெற்றோலை வெளியே தள்ளும். மிதவைக் கிண்ணம் நிறைந்துவிட்டால் ஸ்பிரிங் தள்ள இடமில்லை, தானே சும்மா இருக்கும். தட்டினால் வேலை செய்கிறது என்றால் பத்துக்கு ஒன்பது பொயின்ற் கருகியிருக்கும். மாதக் கணக்காக நிற்கிற கார்களுக்கு வருகிற வழக்கமான நோய் இது.

போர் நேரம் பெற்றோலை வடக்குக்கு வரவிடாத தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடினோமே, தெரியுமா உனக்கு? பெற்றோலைச் சின்னப் போத்தலில் வைத்துக் காபரேற்றருக்குள் சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணுவோம். அதன் பிறகு மண்ணெண்ணெயை இழுத்துக் கொடுத்தது இதே எஸ்யூதான். ஒஸ்ரின் சோமசெற் கார்க்காரர் எல்லாம் என்ஜினே அசைக்கும் மெக்கானிக்கல் பம்போடு மல்லுக்கட்டினார்கள், அது வேறு கதை.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய். காபரேற்றர் பக்கக் குழாயைக் கழற்றி ஒரு போத்தலுக்குள் விடு. பக்கத்தில் சிகரெட், நெருப்பு எதுவும் கூடாது. சாவியைப் போட்டு ஒரு நிமிடம் பார். அரை லீற்றருக்குக் குறையாமல் விழ வேண்டும். குறைந்தால் பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்துவிட்டு இன்னொரு தரம் பார். திறந்ததும் உஸ் என்ற சத்தத்தோடு ஓட்டம் கூடினால் பம்பில் பிழையில்லை, மூடியின் காற்றுத் துவாரம்தான் அடைத்திருக்கிறது. பம்ப் விடாமல் வேகமாக அடித்தும் பெற்றோல் வராவிட்டால் தாங்கிக்கும் பம்புக்கும் நடுவே எங்கோ காற்று இழுக்கிறது.

ஹெரால்டு பிரியன்:

மதுரையிலிருந்து எழுதுகிறேன். என்னிடம் சென்னையில் கட்டிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். இதில் இருந்தது மெக்கானிக்கல் பம்ப். மே மாத வெயிலில் டிராஃபிக்கில் நின்றால் பைப்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். இங்கே இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ் எல்லாம் ஊறிப்போய் விரலில் மை மாதிரி ஒட்டுகிறது. புது பம்ப் போடுகிறவர்கள் ஹோஸையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிடுங்கள். பம்பைவிட அது முக்கியம் என்பேன்.

நான் 2 பிஎஸ்ஐ அளவில் தள்ளும் சின்ன எலக்ட்ரிக் பம்ப் ஒன்றை டேங்க் பக்கத்தில் வைத்தேன். இந்த ரகம் நன்றாகத் தள்ளும், இழுப்பது கஷ்டம். அதனால் பின்னால், டேங்க் மட்டத்துக்குக் கீழே, முன்னாடி ஒரு ஃபில்டரோடு. அதுவரை சரி. பழைய மெக்கானிக்கல் பம்ப் அழகாக இருக்கிறதே என்று அதையும் லைனில் விட்டுவைத்தேன். அதுதான் என் முட்டாள்தனம். அதன் டயாஃப்ரம் கிழிந்து, பின்னாலிருந்து வந்த பெட்ரோல் முழுக்க என்ஜின் ஆயிலுக்குள் போயிருக்கிறது. ஒருநாள் டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் மட்டம் ஏறியிருக்கிறது! சந்தோஷப்பட இருந்தேன், மோந்து பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அப்புறம் அதைக் கழற்றித் தகடு போட்டு மூடினேன்.

இன்னொன்று. என்ஜின் நின்றாலும் சாவி ஆனில் இருந்தால் எலக்ட்ரிக் பம்ப் தள்ளிக்கொண்டே இருக்கும். மோதலில் பைப் அறுந்தால் என்ன ஆகும், யோசியுங்கள். பம்புக்குக் கரண்ட் கொடுக்கும் ரிலேயை ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியாகக் கொடுத்திருக்கிறேன், என்ஜின் நின்றால் பம்பும் நிற்கும். இடித்தால் துண்டிக்கும் இனெர்ஷியா சுவிட்சும் உண்டு. ஃபியூஸ் கட்டாயம்.

சுன்னாகத்துக்காரன்:

இரண்டு பேருக்கும் நன்றி. ஹெரால்டு அண்ணா சொன்ன மாதிரிச் சின்னப் பம்ப் ஒன்றை மைனரில் அப்படியே பூட்டலாமா?

பழைய இரும்பு:

அவசரப்படாதே. டைனமோ வைத்த மைனரில் பற்றறியின் பொசிற்றிவ்தான் காரின் பொடியில் (இரும்புக் கூட்டில்) பூட்டியிருக்கும். உன் அப்பா மாற்றியிருக்காவிட்டால் இன்னும் அப்படித்தான். டயோட் இல்லாத பழைய பொயின்ற் பம்புக்கு எந்தப் பக்கம் என்றாலும் ஒன்றுதான். உள்ளே ட்ரான்சிஸ்டர் உள்ள புதுப் பம்புகள் மாற்றிக் கொடுத்தால் அந்த நிமிடமே செத்துவிடும். இரண்டு வயர் வருகிற பம்ப் என்றால் சிவப்பைப் பொடியிலும் கறுப்பைச் சாவிப் பக்கத்திலும் கொடுக்கலாம். ஒரே வயர் வந்து, பம்பின் கோதே நெகற்றிவ் என்றால் பொடியில் முறுக்கியதும் ஷோர்ட். எஸ்யூ எலக்ரோனிக் பம்பையே எடுப்பித்தாலும் பொசிற்றிவ் எர்த்துக்கு உரியதா என்று கேட்டு வாங்கு.

என்னைக் கேட்டால் பொயின்றும் டயபிராமும் மட்டும் எடுப்பித்து உன் பம்பையே திருத்து. அறுபது வருசம் இருந்த இடத்தில் இருக்கட்டும்.

சுன்னாகத்துக்காரன்:

மூன்று கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். போத்தல் சோதனையில் ஒரு நிமிடத்துக்கு 200 மில்லிலீற்றர்கூட வரவில்லை, மூடியைத் திறந்தும் அதேதான். கழற்றினால் பொயின்ற் கரிக்கட்டை, டயபிராம் காய்ந்த அப்பளம். இரண்டையும் மாற்றினேன், இப்போது நிமிடத்துக்கு 550. நேற்று வவுனியா போய் வந்தோம், பொனெற்றைத் திறக்கவேயில்லை. ஒரே ஒரு சந்தேகம்: என்ஜினை ஓடவிடாமல் சாவியைப் போட்டு வைத்தால் அரை நிமிடத்துக்கு ஒரு தரம் டிக் என்கிறது. கிண்ணம் நிறைந்தால் நிற்க வேண்டும் அல்லவா?

பழைய இரும்பு:

காபரேற்றரின் வெளிப்பக்கம் ஈரமா என்று விரலால் தடவிப் பார். ஈரம் என்றால் ஊசி வால்வு, உடனே மாற்று. காய்ந்திருந்தால் பம்பின் உள்வால்வில் துளி பின்னால் போகிறது, அரை நிமிடத்துக்கு ஒன்று பெரிய குற்றமில்லை. ஓடு. சாவியைப் போட்டுவிட்டு அதைக் கேட்டுக்கொண்டு இருக்காதே, இக்னிஷன் கொயிலுக்கும் நல்லதல்ல.