சென்ட்ஓஎஸ் 7 சர்வரில் யம் வேலை செய்யவில்லை. அடுத்து எந்த ஓஎஸ்?

அச்சுமை:
வணக்கம். எங்கள் அச்சகத்தின் பில் மென்பொருளும் டிசைன் ஃபைல்களும் சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் ஓடும் ஒரே சர்வரில்தான் இருக்கின்றன. பத்து கம்ப்யூட்டர்கள் அதை நம்பி ஓடுகின்றன. நேற்று யம் (மென்பொருள்களை நிறுவி, புதுப்பிக்கும் கருவி) அப்டேட் கொடுத்தால், பேக்கேஜ் எங்கே கிடைக்கும் என்று சொல்லும் மிரர்லிஸ்ட் முகவரியே கிடைக்கவில்லை என்கிறது. ரவுட்டரை நாலு தடவை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டேன். மற்ற கம்ப்யூட்டர்களில் நெட் நன்றாக வருகிறது. ஓஎஸ்ஸையே மாற்றுவதென்றால் டெபியனா, உபுண்டுவா, ஆல்மாவா? ஒருமுறை போட்டால் ஐந்து வருடம் தொடக் கூடாது. சர்வரில் இருப்பது ஜியான் இ3 1220 வி2 சிபியு, 16 ஜிபி ரேம்.

வேப்பமரம்:
ரவுட்டர் பாவம், விட்டுவிடுங்கள். சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30-உடன் ஆதரவு முடிந்தது. அப்புறம் அந்த மிரர்லிஸ்ட் முகவரியையே எடுத்துவிட்டார்கள். பழைய பேக்கேஜ்கள் வால்ட் என்ற காப்பகக் களஞ்சியத்தில் இருக்கின்றன. யம் படிக்கும் ரெப்போ ஃபைலில் மிரர்லிஸ்ட் வரியை கமென்ட் ஆக்கி, பேஸ்யூஆர்எல் (நேரடி முகவரி) வரியை வால்ட்டுக்குத் திருப்புங்கள், யம் ஓடும். ஆனால் புதிய பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வராது.

டெபியன் என்றால் 3 வருடம் ஆதரவு, அதற்குமேல் எல்டிஎஸ் என்ற நீட்டிப்பு 2 வருடம். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பான எல்டிஎஸ்ஸும் ஐந்துதான். அந்தக் கணக்கு பதிப்பு வெளியான நாளிலிருந்து ஓடும், நீங்கள் போட்ட நாளிலிருந்து இல்லை. யம்முக்குப் பழகிய கைக்கு, சென்ட்ஓஎஸ் வழியில் வரும் ஆல்மா 9 போதும், 2032 வரை கவலையில்லை. அதே வழியில் வரும் ராக்கி 10 பக்கம் போகாதீர்கள். அது ஏவிஎக்ஸ்2 என்ற சிபியு வசதியைக் கேட்கும், உங்கள் ஐவி பிரிட்ஜ் தலைமுறை சிபியுவில் அது கிடையாது.

கறுப்புத்திரை:
நான் டெபியன் ஆள்தான், இருந்தாலும் அந்தச் சண்டை அப்புறம். பில் மென்பொருள் எதில் எழுதியது?

அச்சுமை:
பிஎச்பி அண்ணா. 2014-இல் ஒரு தம்பி எழுதிக் கொடுத்தான், இப்போது வெளிநாட்டில் இருக்கிறான். உள்ளே எங்கு பார்த்தாலும் மைஎஸ்க்யூஎல் கனெக்ட் என்று இருக்கிறது.

கறுப்புத்திரை:
நினைத்தேன். சென்ட்ஓஎஸ் 7-உடன் வந்தது பிஎச்பி 5.4. டேட்டாபேஸோடு பேசும் அந்தப் பழைய மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன்களை பிஎச்பி 7.0-இலேயே தூக்கிவிட்டார்கள். ஆல்மா 9-இல் பிஎச்பி 8.0, டெபியன் 12-இல் 8.2. எதைப் போட்டாலும் பில் திரை வெள்ளையாகத்தான் நிற்கும். இருக்கும் ஓஎஸ்மேலேயே, புதிய பதிப்புக்கு ஏற்றும் எலிவேட் கருவியால் ஏற்றினாலும் இதே கதிதான்.

புது டிஸ்க் வாங்கி அதில் ஆல்மா 9 போடுங்கள். ஃபைல்களை அங்கே சாம்பாவில் (நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் மென்பொருள்) வையுங்கள். பழைய சர்வரை அப்படியே இமேஜ் எடுத்து, லினக்ஸின் கேவிஎம் வசதியில் விஎம்மாக (கம்ப்யூட்டருக்குள் ஓடும் மெய்நிகர் கம்ப்யூட்டர்) ஓட்டுங்கள், கேட்வே கொடுக்காமல். வெளியே நெட் தெரியவே கூடாது. அந்த அவகாசத்தில் யாரையாவது பிடித்து பில் மென்பொருளின் கோடை, அந்தப் பழைய ஃபங்ஷன்களுக்குப் பதிலாக வந்த மைஎஸ்க்யூஎல்ஐக்கு (mysqli) மாற்றிக்கொள்ளுங்கள். பழைய டிஸ்கைக் கழற்றி பீரோவில் வையுங்கள், அழிக்காதீர்கள்.

வேப்பமரம்:
நான் இதைக் கேட்காமலே ஆல்மா என்று சொல்லிவிட்டேன். பயாஸில் விர்ச்சுவலைசேஷனை ஆன் செய்ய மறக்க வேண்டாம்.

அச்சுமை:
ஞாயிறன்று உட்கார்ந்து முடித்தேன். விஎம் முதலில் பூட் ஆகாமல் டிஸ்கைக் காணோம் என்று நின்றது. பூட் ஆகும்போது முதலில் ஏறும் இனிட்ராம்ஃப்எஸ்ஸில், விஎம் டிஸ்குக்கு வேண்டிய விர்ட்ஐஓ டிரைவர் இல்லை. டிஸ்கை சாட்டா என்று மாற்றியதும் எழுந்துவிட்டது. பழைய ஐபியை விஎம்முக்கே கொடுத்தேன், அதனால் பில் பக்கம் எதையும் தொடவில்லை. பத்து கம்ப்யூட்டரிலும் ஷேர் முகவரியை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. கோடு மாற்ற ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.