தாத்தா கடிகாரத்தின் அரை மணி நேரம்

குழு: சுங்கை சிப்புட் குடும்பம்
ஞாயிற்றுக்கிழமை

நான் 9:12
[படம்] [படம்]
பாட்டியின் அலமாரியை ஒழித்தபோது கிடைத்தது. தாத்தாவின் சீக்கோ 5. கையில் எடுத்து நாலு ஆட்டு ஆட்டினேன், ஓட ஆரம்பித்துவிட்டது! செயின் கண்ணிகளுக்கு நடுவே கறுப்பாக ஏதோ அடைந்திருக்கிறது. ஊசியால் நெம்பினால் நூல் மாதிரி வருகிறது, இழுத்தால் நீள்கிறது.

பெரியப்பா 9:15
தம்பி, ஊசியைக் கீழே வை. அது அழுக்கு இல்லை. ரப்பர் பால்.

அத்தை 9:16
அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. பால் இன்னும் ஒட்டிக்கொண்டா இருக்கிறது அண்ணே? காலையிலேயே கண் கலங்கிவிட்டது.

அக்கா 9:18
பூட்டில் இருந்த எழுத்து சுத்தமாகத் தேய்ந்துவிட்டது. ஆனால் கண்ணாடியில் அவ்வளவு கீறல் இல்லையே, எப்படி?

பெரியப்பா 9:23
தாத்தா முகப்பை உள்ளங்கைப் பக்கம் திருப்பித்தான் கட்டுவார். பூட்டு வெளியே இருக்கும். ஒரு நாளைக்கு நானூறு ஐந்நூறு மரம். ஒவ்வொரு மரத்திலும் பட்டையில் உரசியது அந்தப் பூட்டுதான். கண்ணாடியில் இரண்டு மணிப் பக்கம் நீளமாக ஒரு கீறல் இருக்கிறதா பார். தோளில் பால் சுமக்கும் காண்டா வாளியின் கம்பி பட்டது அது. நான் பக்கத்தில் நின்றேன்.

நான் 9:24
இருக்கிறது பெரியப்பா! வெளிச்சத்தில் சாய்த்தால்தான் தெரிகிறது.

சின்ன மாமா 9:26
பற்பசை போட்டுத் துணியால் தேயுங்கள். கீறல் போய்விடும்.

பெரியப்பா 9:29
பிளாஸ்டிக் கண்ணாடியாக இருந்தால் போகும் மாப்பிள்ளை. இது ஹார்ட்லெக்ஸ், சீக்கோவின் கெட்டிக் கண்ணாடி. பற்பசைக்கெல்லாம் மசியாது. போகும் என்றாலும் நான் விடமாட்டேன்.

நான் 9:31
எந்த வருஷம் வாங்கியது?

பெரியப்பா 9:36
பின்மூடியைப் பார். ஆறு இலக்க எண்ணில் முதல் எண் வருஷத்தின் கடைசி எண், இரண்டாவது மாதம்.

நான் 9:38
74 என்று தொடங்குகிறது. இன்னொரு இடத்தில் 6309 என்று இருக்கிறது.

பெரியப்பா 9:44
ஏழு என்றால் 67, 77, 87 எதுவாகவும் இருக்கலாம். 6309 என்ற இயந்திரம் 70களின் பிற்பாதியில்தான் வந்தது, அதனால் 67 இல்லை. நான் பள்ளியில் படிவம் நான்குக்குப் போகும்போது அவர் கையில் இது இருந்தது, அதனால் 87-ம் இல்லை. 1977 ஏப்ரலில் செய்த கடிகாரம். இதற்குச் சாவி கொடுக்க வழியே கிடையாது. கை ஆடினால் ஓடும், கழற்றி வைத்தால் இரண்டு நாளில் நின்றுவிடும். தாத்தா கையில் அது நின்றதே இல்லை.

அக்கா 9:47
தம்பி, ஈப்போவில் கொடுத்து டயலை மாற்றி, பாலிஷ் போட்டுக் கட்டிக்கொள். புதுசு மாதிரி ஆகிவிடும்.

பெரியப்பா 9:55
வேண்டாம் பாப்பா. என் கல்யாணத்துக்கு மாமனார் போட்ட கடிகாரத்தை டவுனில் ஒரு கடையில் கொடுத்தேன். ஓடவில்லை, பாருங்கள் என்று மட்டும்தான் சொன்னேன். டயலுக்குப் புதுச் சாயம் பூசி, விளிம்பெல்லாம் மழுங்கத் தேய்த்துப் பளபளவென்று கொடுத்தார்கள். வாங்கிக் கட்டிப் பார்த்தேன், யாரோ ஒருவருடைய கடிகாரம் மாதிரி இருந்தது. இன்றுவரை மனசு ஆறவில்லை. உலோகத்தைத் தேய்த்து எடுத்தால் எடுத்ததுதான், திரும்பி வராது. தம்பி, உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கும், இயந்திரத்தைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல். பின்மூடிக்குள் ரப்பர் வளையம் ஒன்று இருக்கும், அதை மாற்றச் சொல், இல்லையென்றால் வியர்வை இறங்கும். முகப்பையும் உடம்பையும் தொடக்கூடாது என்று எழுதியே கொடு.

நான் 9:57
சரி பெரியப்பா. இப்போது போனைப் பார்த்து நேரம் வைக்கிறேன்.

பெரியப்பா 9:58
எந்த நேரம் வைக்கப் போகிறாய்?

நான் 9:58
புரியவில்லையே?

பெரியப்பா 10:09
1981 டிசம்பர் 31. ராத்திரி பதினொன்றரைக்கு முள்ளைப் பன்னிரண்டுக்குத் தள்ள வேண்டும் என்று மலேசிய அரசாங்கம் சொல்லியிருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சபா, சரவாக் மாநிலங்களோடு ஒரே நேரம் ஆக்குவதற்காக. தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் எல்லோரும் ரேடியோப் பக்கத்தில் உட்கார்ந்து தள்ளினார்கள். நானும் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைத் தள்ளினேன். தாத்தா மட்டும் கையில் கட்டியதைத் தொடவில்லை. மறுநாள் அதே ஐந்தரைக்குப் பெரட்டு, வேலைக்கு வந்தவர்களைப் பேர் கூப்பிடும் நேரம். வெளியே போனால் கும்மிருட்டு, நேற்றைய ஐந்து மணி அல்லவா! வெட்டுக்காட்டில் தலைவிளக்கை அணைக்க நேரம் பிடித்தது. நான் கேட்டேன், ஏன் அப்பா நீங்கள் மாற்றவில்லை என்று. "மரத்துக்கு எவன் போய்ச் சொன்னான்?" என்றார். இருட்டு இருக்கும்போதே வெட்டினால் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏறினால் இலை தண்ணீரை இழுத்துக்கொள்ளும், பட்டைக்குள் அழுத்தம் குறையும், பால் சீக்கிரம் நின்றுவிடும். அவர் மரத்தோடு வேலை செய்த மனுஷன். பெரட்டுக்கு மட்டும் மனசுக்குள் அரை மணி கூட்டிக்கொண்டு போவார். ஒரு நாளும் தாமதம் இல்லை.

அத்தை 10:12
எனக்கு இது தெரியவே தெரியாது அண்ணே! அப்பாவிடம் மணி கேட்டால் கொஞ்சம் யோசித்துச் சொல்வாரே, அதற்குத்தானா?

பெரியப்பா 10:13
அதற்குத்தான்.

நான் 10:20
பாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். சொல்லச் சொல்ல எழுதுகிறேன்:
"உங்கள் தாத்தாவுக்கு அந்தப் பிடிவாதம் எங்கே இருந்து வந்தது தெரியுமா? ஜப்பான்காரன் வந்தபோது தோக்கியோ நேரம் வைக்கச் சொன்னான், ஒன்றரை மணி முன்னால். போனதும் திரும்ப மாற்றினார்கள். நேரத்தை அவனவன் மாற்றுவான் என்று அவர் அப்பா சொல்லுவாராம். பன்னிரண்டு வருஷம் பழைய நேரத்திலேயே கட்டினார். ரப்பரைச் சாய்த்துச் செம்பனை போட்டார்கள். நாங்கள் லயத்தை விட்டு இந்தத் தாமானுக்கு, இந்தக் குடியிருப்புக்கு வந்தோம். வந்த அன்று ராத்திரி பசியாறிவிட்டு வாசலில் உட்கார்ந்து முள்ளைத் திருப்பினார். நான் ஒன்றும் கேட்கவில்லை."

அக்கா 10:24
பாட்டி 😢

பெரியப்பா 10:31
அம்மா இதை என்னிடம்கூடச் சொன்னதில்லை.

நான் 10:40
பெரியப்பா, அரை மணி பின்னால் வைத்துக் கட்டிவிட்டேன். வேலைக்குப் போனில் பார்த்துக்கொள்கிறேன். ஒன்றுதான், செயின் என் கைக்குச் சேரவில்லை, இறுக்குகிறது.

அத்தை 10:42
கடைசி வருஷங்களில் அப்பா மெலிந்துவிட்டார். ஒவ்வொரு கண்ணியாக நான்தான் கடையில் கொடுத்துக் கழற்றி வந்தேன். அம்மா தையல் ஊசி வைக்கும் மைலோ டின்னில் பார்.

நான் 10:51
[படம்]
இருக்கிறது அத்தை! மூன்று கண்ணி, துணியில் முடிந்து வைத்திருக்கிறார். இரண்டு போட்டாலே எனக்குச் சரியாக இருக்கும். மூன்றாவதைத் திரும்பத் துணியில் முடிந்து பாட்டி டின்னுக்குள் போட்டுவிட்டார்.