நிரூபணம் எழுதப் பழகிய கதை: உங்கள் அனுபவம் என்ன?

பத்தாம் வகுப்பில் தேல்ஸ் தேற்றம், கோண இருசமவெட்டித் தேற்றம், பித்தாகரஸ் தேற்றம் எல்லாவற்றையும் பொதுத்தேர்வுக்காக உருப்போட்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். எங்கள் வகுப்பில் முக்கோணத்தின் பெயர் ஏபிசி என்று இருந்தால்தான் கை ஓடும். பிக்யூஆர் என்று மாற்றிக் கேட்டால் பாதிப் பேர் திருதிருவென்று விழிப்பார்கள். நிரூபணம் என்பது ஒப்பிக்க வேண்டிய செய்யுள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

பி.எஸ்சி. கணிதம் சேர்ந்த பிறகு அது செல்லுபடியாகவில்லை. முதல் ஆண்டில் எங்களுக்கு வந்த மேடம் இன்டர்னல் தேர்வுத் தாள்களைத் திருத்தும்போது சரி, தப்பு என்று போடுவதோடு நிறுத்தமாட்டார். விடைக்கு நடுவில் ஏதாவது ஓர் எழுத்து திடீரென்று முளைத்தால் அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்தில் ‘இது யார்?’ என்று எழுதுவார். முழு எண்ணா, மெய்யெண்ணா, நீயாக எடுத்துக்கொண்டதா, கேள்வியில் கொடுத்ததா? “முன்பின் தெரியாத ஆள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தால் யார் என்று கேட்கமாட்டீங்களா?” என்பார். ஒரு தாளில் ஏழெட்டு ‘இது யார்’ இருப்பது சாதாரணம்.

அவரிடம் கற்றதில் எனக்கு இன்றும் கைகொடுப்பது வேறு ஒன்று. இரண்டு மிகை எண்களின் கூட்டுச் சராசரி, பெருக்குச் சராசரியைவிட (அதாவது பெருக்கற்பலனின் வர்க்கமூலத்தைவிட)க் குறையாது என்று நிரூபிக்கச் சொன்னார். எல்லோரும் நிரூபிக்க வேண்டியதையே முதல் வரியாக எழுதி, இருபுறமும் வர்க்கப்படுத்தி, சுருக்கி, ‘வித்தியாசத்தின் வர்க்கம் பூச்சியத்துக்குக் குறையாது, இது உண்மை, எனவே நிரூபிக்கப்பட்டது’ என்று முடித்தார்கள். மேடம் போர்டில் −1 = 1 என்று எழுதினார். இருபுறமும் வர்க்கப்படுத்தினார். 1 = 1. “இதுவும் உண்மைதானே? அப்போ முதல் வரியும் உண்மையா?” வகுப்பு கப்சிப்.

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். பின்னோக்கிப் போவது ரஃப் தாளில். அதில் தப்பே இல்லை, வழி கண்டுபிடிப்பதே அப்படித்தான். ஆனால் ஃபேராக எழுதும்போது ரஃப் தாளின் கடைசி வரியிலிருந்து தொடங்கி மேல்நோக்கி வர வேண்டும். வித்தியாசத்தின் வர்க்கம் பூச்சியத்துக்குக் குறையாது. பெருக்கற்பலனின் நான்கு மடங்கை இருபுறமும் கூட்டினால் இடப்பக்கம் கூடுதலின் வர்க்கமாகிவிடும். இப்போது வர்க்கமூலம் எடு. இந்த இடத்தில்தான் எண்கள் மிகை என்பது தேவைப்படுகிறது. −1, −1 என்று எடுத்தால் சராசரி −1, பெருக்கற்பலனின் வர்க்கமூலம் 1, கூற்றே பொய்யாகிவிடும். கேள்வியில் ‘மிகை’ என்ற சொல் எதற்காக உட்கார்ந்திருக்கிறது என்பது திருப்பி எழுதிப் பார்க்கிற வரை எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. கேள்வியில் கொடுத்த நிபந்தனையை விடையில் எங்கே பயன்படுத்தினோம் என்று இன்றுவரை தேடிப் பார்க்கிறேன். எங்குமே பயன்படவில்லையென்றால் ஏதோ கோளாறு என்று சந்தேகப்படுவேன். பெரும்பாலும் கோளாறு இருக்கும்.

---

நான் கல்லூரியில் பாடம் எடுப்பவன். மேலே எழுதியவரின் மேடத்துக்கு ஒரு கும்பிடு.

தமிழ் வழியில் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் நிரூபணத்தில் தடுமாறினால் உடனே இங்கிலீஷ்தான் பிரச்சினை என்று சொல்லிவிடுகிறோம். எனக்கு அது பாதிதான் உண்மை என்று படுகிறது. “புத்தகத்தை மூடு, உன் பாஷையில் சொல்லுப்பா” என்றால் எங்கே தர்க்கம் அறுந்திருக்கிறது என்பது அவர்களுக்கே கேட்டுவிடும். ‘ஒவ்வொருவருக்கும் ஓர் அம்மா உண்டு’ என்பதும் ‘எல்லோருக்கும் அம்மாவாக ஒருத்தி உண்டு’ என்பதும் ஒன்றா என்று கேட்பேன். சிரிப்பார்கள். அதே பிள்ளைகள் சார்பின் தொடர்ச்சியை வரையறுக்கும் எப்சிலான், டெல்டா என்ற சிறிய மிகை எண்கள் வரும்போது ‘ஒவ்வொன்றுக்கும்’, ‘உண்டு’ என்பவற்றின் வரிசையை மாற்றி எழுதிவிட்டு இரண்டும் ஒன்றுதானே சார் என்பார்கள். தொடர்ச்சிக்கும் சீரான தொடர்ச்சிக்கும் இடையிலுள்ள வித்தியாசமே அந்த வரிசைதான். முதலாவதில் புள்ளிக்குப் புள்ளி டெல்டா மாறலாம். இரண்டாவதில் எல்லாப் புள்ளிக்கும் ஒரே டெல்டா போதுமானதாக இருக்க வேண்டும்.

ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் பார்க்கிற இன்னொன்று: பகா எண்கள் முடிவில்லாதவை என்ற யூக்ளிடின் நிரூபணம். பகா எண்களையெல்லாம் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் புதுப் பகா எண் கிடைக்கும் என்று எழுதுகிறார்கள். 2, 3, 5, 7, 11, 13 ஆகியவற்றைப் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். 30031 வரும். அது 59 × 509. யூக்ளிட் சொல்வது அதில்லை. அப்படிக் கிடைக்கும் எண்ணின் பகாக் காரணி எதுவும் நம் பட்டியலில் இருக்க முடியாது, அவ்வளவுதான். 59-உம் 509-உம் பட்டியலில் இல்லை, பாருங்கள். கடைசி வரி சரியாக இருந்தால் நடுவில் உள்ளதைப் படிக்காமலே மார்க் போடும் பழக்கம் எங்கள் பக்கமும் இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும்.

---

“ராமானுஜன் என்ன நிரூபணமா எழுதிக்கொண்டிருந்தார்?” இந்தக் கேள்வியை எல்லா வகுப்பிலும் யாராவது ஒருவர் கேட்பார். எங்கள் வகுப்பில் கேட்டது என் நண்பன். சார் கோபப்படவில்லை. பலகையில் போட்டுப் பார்த்து அழித்துவிட்டு முடிவை மட்டும் நோட்டில் எழுதியவர்தான், ஆனால் 1913-இல் அவர் கடிதம் கைக்குக் கிடைத்ததும் கேம்பிரிட்ஜ் கணிதப் பேராளர் ஹார்டி கேட்டதே நிரூபணங்களைத்தானே என்றார். அப்புறம் ராமானுஜனின் முதல் முழுக் கட்டுரையைப் பற்றிச் சொன்னார். பெர்னௌலி எண்கள் என்ற பின்னங்களின் வரிசையைப் பற்றியது, 1911-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வந்தது. ஒவ்வொரு இரட்டைப்படை வரிசையிலும் உள்ள பெர்னௌலி எண்ணை அதன் வரிசை எண்ணால் வகுத்துச் சுருக்கினால் தொகுதியில் பகா எண்தான் வரும் என்று அதில் ஒரு கூற்று. ஒன்று வரும் இடங்களை விட்டுவிட்டால், 12-ஆவதில் 691, 16-ஆவதில் 3617, 18-ஆவதில் 43867. எல்லாம் பகா எண்கள். 20-ஆவதில் 174611.

“வகுத்துப் பாருங்கப்பா” என்று சொல்லிவிட்டு சார் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மத்தியானம் சாப்பாட்டு நேரம் முழுக்க நாங்கள் நாலு பேர் சிறிய பகா எண்களாக ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டிருந்தோம். 283-இல் மீதியில்லாமல் போனது. ஈவு 617. கேள்வி கேட்டவன்தான் கண்டுபிடித்தான்.