போலி பில் பற்றிப் புகார் கொடுத்தால் தனியார் கம்பெனி ஊழியருக்குப் பாதுகாப்பு உண்டா?

வணக்கம். விஷயம் தெரிந்த வக்கீல்களோ, விஜிலென்ஸில் இருந்து ரிட்டையர் ஆனவர்களோ இங்கே இருந்தால் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

என் தம்பி, மத்திய அரசு நிறுவனம் ஒன்றின் கட்டுமான வேலையில் சப்-கான்ட்ராக்டரிடம் சைட் இன்ஜினியர். மழையில் சைட்டே மூடிக் கிடந்த நாளில் 40 லோடு கிராவல் இறங்கியதாக எம்-புக்கில் (வேலை அளவுகளைப் பதிந்து பில் போட வைக்கும் அளவுப் புத்தகம்) ஏற்றியிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டவர் அரசு அதிகாரி. பில்லும் பாஸாகிவிட்டது.

2004-ல் வந்த பொதுநல வெளிப்படுத்தல் தீர்மானத்தின் கீழ் (ஊழல் புகார் கொடுப்பவரின் பெயரை ரகசியமாக வைக்கும் ஏற்பாடு) மத்திய ஊழல் தடுப்பு ஆணையத்துக்கு எழுதலாம் என்று படித்தேன். கவரை ஒட்டி, மேலே அந்தத் தீர்மானத்தின் பெயரை எழுத வேண்டும், அனுப்புபவர் பெயரை எழுதக் கூடாது. பெயர், முகவரி உள்ளே கடிதத்தில். மொட்டைக் கடுதாசி செல்லாது. அதுவரை புரிகிறது. ஆனால் நெடுஞ்சாலை ஊழலைப் பற்றி எழுதிய சத்யேந்திர துபே பெயரை ரகசியமாக வைக்கச் சொல்லியும் அது வெளியே போய், 2003-ல் கயாவில் கொல்லப்பட்டாரே, அம்மாவுக்கு அந்தப் பயம்தான். புகார் கொடுப்பவர்களுக்காக 2014-ல் போட்ட பாதுகாப்புச் சட்டமோ அமலுக்கு வராமல் பேப்பரோடு நிற்கிறது.

தம்பி அரசு ஊழியர் இல்லை. பெயர் கசிந்து கம்பெனி வேலையை விட்டுத் தூக்கினால் ஆணையம் தலையிடுமா, லேபர் கோர்ட்டுக்குத்தான் போகணுமா? எம்-புக் பக்கங்களை போனில் படம் எடுத்து வைத்திருக்கிறான். அதையே திருட்டு என்று திருப்பிவிட முடியுமா?

திருச்சி, மதுரைப் பக்கம் இதில் அனுபவமுள்ள வக்கீல் இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். கம்பெனி பெயரைக் கேட்காதீர்கள், ப்ளீஸ்.